கோட்டுக்குக் கீழே இறங்கிய தண்ணீர்

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி ஒன்றில் சூளைப் பக்கம் வேலை. தொழிலாளர் கேம்ப் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். தகர அறை. நாங்கள் ஐந்து பேர். மற்ற நான்கு பேருக்கும் பகல் டூட்டி. எனக்கு மட்டும் இரவு. அவர்கள் போன பிறகு நான் வருவேன். அவர்கள் வந்த பிறகு நான் போவேன்.

அறையில் பீர் போடுவார்கள். போடுகிறவர் பட்டுக்கோட்டைக்காரர். பிளம்பர். எங்கள் எல்லாரையும் விட மூத்தவர். கடையில் விற்கும் போதையில்லாத மால்ட் டின்களை வாங்கி, பெரிய தண்ணீர் கேனில் ஊற்றி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூடி வைப்பார். ஏசிக்கு நேர் கீழே, பீரோவுக்குப் பின்னால், போர்வை போர்த்தி நிற்கும். எனக்கு அது வயிற்றுக்கு ஆகாது. குடிக்க மாட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

கேன் மூடியில் ஒரு துளை. அதில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப்பைச் செருகி, சுற்றிலும் சிலிக்கான் பூசியிருந்தார். டியூப்பின் மறு முனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். உள்ளே நுரைக்கும் கேஸ் அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழ் விட்டு வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே போக முடியாது. போனால் புளித்துக் காடியாகிவிடும். "இந்தத் தண்ணிதான் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்" என்பார். "உள்ள இருக்கிறவன வெளிய விடுவான். வெளிய இருக்கிறவன உள்ள விடமாட்டான்."

அந்தத் தடவை குமிழ் நன்றாகத்தான் வந்தது. பிறகு குறைந்தது. அப்போதுதான் பாட்டிலில் தண்ணீர் இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள். சிந்தியிருக்கும் என்று நினைத்து நிரப்பி வைத்தார் பிளம்பர். மறுநாள் சாயங்காலம் மறுபடி இறங்கியிருந்தது. பேனாவை எடுத்துப் பாட்டிலில் ஒரு கோடு போட்டார். அடுத்த நாளும் தண்ணீர் கோட்டுக்குக் கீழே.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பக்கத்து பிளாக்கில் ஓர் அறையில் இப்படி ஒரு கேன் பிடிபட்டது. மூன்று பேருக்கு விசா கேன்சல். உடுத்திய துணியோடு ஏர்போர்ட் போனார்கள். கேம்ப்பை மேற்பார்க்கிற கேம்ப் பாஸிடம் யாரோ சொல்லிக் கொடுத்ததாகப் பேச்சு. யார் என்று தெரியவில்லை. தெரியாததால் எல்லார் மேலும் கண் இருந்தது.

எங்கள் அறையில் தேவகோட்டைக்காரன் ஒருவன். பிக்கப் ஓட்டுகிறவன். வாய் ஓயாது. அவன்தான் ஆரம்பித்தான்.

"குடிக்கிறவன் திருடிக் குடிச்சா அதுல ஒரு ஞாயம் இருக்கு. குடிக்காதவன் எதுக்குண்ணே மூடியத் தெறக்குறான்?"

பிளம்பர் பாட்டிலை மறுபடி கோடு வரைக்கும் நிரப்பினார்.

"சாம்பிள் எடுக்கத்தான்" என்றான் அவனே. "பாட்டிலத் தண்ணி சிந்தத் தள்ளி வச்சு, மூடியத் தெறந்து, ஒரு டம்ளர் எடுத்து, கேம்ப் பாஸ் மூக்குக்கிட்ட கொண்டுபோய் நீட்ட. என்ன பங்காளி, சரிதானா?"

நான் ஷூவை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். பதில் சொல்லாதது தப்பாகப் போயிற்று. எனக்குப் பேச்சு வராது. எப்போதுமே அப்படித்தான்.

நான் வரும்போது கட்டிலடியில் டிபன் கேரியரில் சோறும் குழம்பும் இருக்கும். மெஸ்ஸில் எனக்குரிய பங்கு. மறுநாள் காலையில் வந்து பார்த்தேன். கேரியர் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. கடையில் குப்பூஸ் ரொட்டி வாங்கித் தயிரில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை. எனக்கும் சந்தேகம் இருந்தது. நான் தொடவில்லை. அப்படியானால் வேறு யாரோ தொடுகிறார்கள். டிரைவர் வண்டியில் சுற்றுகிறவன். நடுப்பகலில் கேம்ப் பக்கம் வருவான். அவனிடம் அறைச் சாவி இருந்தது. நான் தூங்கும்போது வந்து குடித்துவிட்டு, சாயங்காலம் என் மேல் போடுகிறான் என்று நினைத்தேன். அதிகம் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது என் கணக்கு. பேசாதவன் மறைக்கிறான் என்பது அவன் கணக்கு.

உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுக்க முடியாது. கேம்ப் சட்டம். அதனால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்தேன். கதவைத் திறந்தால் விழுந்துவிடும். சாயங்காலம் எழுந்து பார்த்தேன். குச்சி அப்படியே இருந்தது. பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கியிருந்தது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரும் வரவில்லை. அதற்கு நானே சாட்சி.

வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் லீவு. ஐந்து பேரும் அறையிலேயே கிடந்தோம். வெளியே ஆகஸ்ட் வெயில். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தி, பாட்டில் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தான். சீட்டு ஆடினார்கள். நடு நடுவே எட்டிப் பார்த்தான். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. காலையிலும் நின்றது, சாயங்காலமும் நின்றது.

"பாத்தியாண்ணே. நம்ம இருந்தா தண்ணியும் இருக்கு."

பிளம்பர் சீட்டைக் கீழே வைத்தார். "தம்பி, நான் உன்ன எதும் கேக்கல. கேட்டாலும் நீ சொல்லப் போறதில்ல. நாளைக்குத் தண்ணி எறங்கியிருந்தா, நீ வேற ரூம் பாத்துக்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. விசா போச்சுன்னா எல்லாம் போச்சு."

வேறு ரூம் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும். காட்டிக் கொடுக்கிறவன் என்று பேர் எடுத்துவிட்டால், கேம்ப் பாஸ் கட்டில் ஒதுக்கினாலும் அந்த அறைக்காரர்கள் இருக்க விடமாட்டார்கள். மெஸ்ஸில் யாரும் சேர்க்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் நானே டிக்கெட் கேட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை இரவு டூட்டிக்குத்தான் நான் திரும்பப் போக வேண்டும். காலையில் அவர்கள் கிளம்பும்போது தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். வழக்கம்போல் டிரைவர் ஏசியை நிறுத்திவிட்டுப் போனான். ஆள் இல்லாத அறையில் ஏசி ஓடினால் கேம்ப் பாஸ் அபராதம் போடுவான். நான் இருப்பதை அவன் மறந்தானோ, வேண்டுமென்றே செய்தானோ, தெரியாது. வெயில் தகரத்தில் ஏறியதும் அறை அடுப்பு மாதிரி ஆயிற்று. பாட்டிலைப் பார்த்தேன். குமிழ் ஒன்றிரண்டு வந்தது. தண்ணீர் கோட்டில்தான் இருந்தது.

எழுந்து ஏசியைப் போட்டேன். தரையில் பாட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன். அன்றைக்குத் தூங்குவதில்லை என்று முடிவு.

ஏசிக் காற்று கேன் மேல் அடித்தது. குமிழ் நின்றது. கொஞ்ச நேரத்தில் டியூப்புக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆள் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி, மெதுவாக ஏறி, மூடி வரைக்கும் போய், கேனுக்குள் சொட்டியது.

ஏசியை நிறுத்தினேன். வேர்த்து ஊற்றியது. ரொம்ப நேரம் கழித்து டியூப்பில் மிச்சமிருந்த தண்ணீர் கீழே இறங்கி, மறுபடி குமிழ் வந்தது. ஏசியைப் போட்டேன். மறுபடி ஏறியது.

நுரைப்பது முடிந்துவிட்டால் கேனுக்குள்ளிருந்து வெளியே தள்ளுவதற்குக் கேஸ் இல்லை. சூட்டில் உள்ளே இருக்கும் காற்று உப்பி வெளியே போகிறது. குளிர்ந்தால் சுருங்கித் தண்ணீரை இழுக்கிறது. அவ்வளவுதான். தினமும் அவர்கள் நிறுத்திவிட்டுப் போன ஏசியை நான் வந்து போட்டதும் இழுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஏசி நிற்கவே இல்லை, அதனால் இழுக்கவில்லை.

பாட்டிலில் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால் அன்றைக்குப் பிரச்சினை முடிந்திருக்கும். குழாய் பக்கத்திலேயே இருந்தது. ஊற்றவில்லை. ஊற்றினால் பாட்டிலில் கை வைத்தவன் நான் என்பது உண்மையாகிவிடும்.

சாயங்காலம் வந்தார்கள். டிரைவர் செருப்பைக் கழற்றாமல் நேரே பாட்டிலிடம் போனான். பார்த்தான். திரும்பி வந்து, என் கட்டிலடியில் இருந்த பெட்டியை இழுத்துக் கதவோரம் வைத்தான்.

"தண்ணிய நெரப்புங்க. ஏசிய நிறுத்துங்க" என்றேன்.

"என்னது?"

"நிறுத்திட்டு எல்லாரும் உக்காருங்க. நான் எதையும் தொடல. தள்ளி நிக்கிறேன்."

பிளம்பர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோடு வரைக்கும் தண்ணீரை நிரப்பினார். ஏசியை அவரே நிறுத்தினார். கதவைத் திறக்க முடியாது, வாடை வெளியே போகும். சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேர் முதுகிலும் தண்ணீர்.

"நம்மள வேக வச்சுத் திங்கப் போறான் போல" என்றான் டிரைவர்.

குமிழ் வந்தது. பிளம்பர் முகம் மலர்ந்தது. "நுரைக்குதுடா."

"இல்ல, பொறுங்க" என்றேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது. கேம்ப் வாட்ச்மேன், பாகிஸ்தான் பட்டாணிக்காரன். நான்கு பேர் கண்ணும் என் மேல்தான். இதற்காகத்தான் உட்கார வைத்தானா என்று கேட்கிற கண்கள்.

"ஏசி கராப் ஹை க்யா, பாய்?" என்றான் வெளியிலிருந்து. ஏசி சத்தம் கேட்காததால் கெட்டுப்போச்சா என்று கேட்கிறான்.

"ஹான் பாய், கராப்" என்றான் டிரைவர்.

செருப்புச் சத்தம் போய்விட்டது. பிளம்பர் எழுந்து ஏசியைப் போட்டார். எல்லாரும் டியூப்பைப் பார்த்தோம். நான் கதவோரம் என் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஏறியது.

பிளம்பர் கிட்டே குனிந்து, டியூப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் மூடி வரைக்கும் போய் உள்ளே சொட்டியது. அவர் நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார். "அடச்சே" என்றார். "கொழாய்க்காரன் நான். இது எனக்கு ஒறைக்கல."

டிரைவர் தலையைச் சொறிந்தான். "சரி. இப்பவும் ஒரு கேள்வி இருக்கு. தெனமும் ஏசியப் போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களும் சிரித்தார்கள். என் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலடியில் தள்ளினான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தீக்குச்சி வைத்ததை நானும் சொல்லவில்லை.

அந்த பீர் காடியாகத்தான் போயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். அடுத்த தடவை கேனுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு காலி பாட்டிலை பிளம்பர் சேர்த்தார். தண்ணீர் பின்னால் இழுத்தாலும் காலி பாட்டிலில்தான் விழும், கேனுக்குப் போகாது. நுரைத்து முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும் என்றும் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். கேன் ஏசிக் காற்று படாத மூலைக்குப் போயிற்று. பேனாக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. புது பாட்டிலிலும் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை இரவு டூட்டி முடிந்து ஞாயிறு காலை வந்தேன். கட்டிலடியில் கேரியர் நிமிர்ந்து இருந்தது. சோறு, மீன் குழம்பு, மேலே ஒரு பொரித்த முட்டை. முட்டை வழக்கத்தில் கிடையாது.

மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்த்தேன். பிறகு சாப்பிட்டேன்.