இசட் பொத்தான் இல்லாத வகுப்பு

"இந்தக் கை ஒரு தடவை வச்சா வச்சதுதான். இத்தனை வருஷத்துல நான் அன்டூ அமுக்கினதே கிடையாது. இனிமேலும் அமுக்க மாட்டேன்."

புதுச்சேரியின் சாரம் பகுதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற இலவசக் கணினிப் பயிற்சி மையத்தில், ஒவ்வொரு புது வகுப்பும் ரமீஜா மிஸ்ஸின் இந்தப் பிரகடனத்தோடுதான் தொடங்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை எதுவும் கிடையாது. பாடம் என்னவோ சாதாரணப் பாடம்தான். கணினியில் புகைப்படத்தைத் திருத்துவது. பருவை எடுப்பது, கருவளையத்தைப் போக்குவது, மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் மாட்டை அப்புறப்படுத்துவது. மிஸ் சொல்லும் தோரணையைக் கேட்டால் இதய அறுவை சிகிச்சைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அன்டூ என்பது செய்த தப்பைச் செய்யாததுபோல ஆக்கிவிடும் வசதி. கண்ட்ரோல் பொத்தானையும் இசட் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் கடைசியாகச் செய்தது காணாமல் போகும். மறுபடி அமுக்கினால் அதற்கு முந்தியதும் போகும். உலகம் இதை வரமாக நினைக்கிறது. மிஸ்ஸுக்கு அது ஒழுக்கக்கேடு. தப்பைத் திருப்பி எடுக்க முடியும் என்று தெரிந்தவன் கவனமாகத் தப்பு செய்வானா என்பது அவருடைய கேள்வி. அதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை; கேள்வியே யாருக்கும் புரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

சொன்னதோடு விடுகிற ஆளும் இல்லை. ஒரு மத்தியானம் நகவெட்டியால் நெம்பி, மையத்திலிருந்த எல்லா கீபோர்டுகளிலிருந்தும் இசட் பொத்தானைப் பிடுங்கிவிட்டார். நியாயம் என்றால் நியாயம், முதலில் பிடுங்கியது தன்னுடையதிலிருந்துதான். பிடுங்கியவை ஒரு பெப்பர்மின்ட் டப்பாவில் அடைபட்டு, வீட்டு பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஜீனத் என்றொரு மாணவி படிப்பு முடிகிறவரை தன் பெயரை ஜே போட்டு எழுதினாள். மெனுவுக்குள் போய் மவுசாலேயே அன்டூ செய்யலாம் என்பதைச் சிலம்பரசன் என்ற மாணவன் கண்டுபிடித்தான். வேறு நாடாக இருந்தால் பாராட்டியிருப்பார்கள். மிஸ் அவனை ஒரு வாரம் நின்றபடியே வேலை செய்ய வைத்தார்.

மிஸ்ஸின் கோபத்துக்கு வரலாறு உண்டு. முன்பு அவர் கிருஷ்ணசாமி என்பவரின் ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவராக இருந்தார். பிரான்சுக்குப் போக வேண்டிய ஒரு முசியே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சொல்தா பென்ஷன் வாங்குகிறவர், பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்ள வந்தார். அவருக்கு ஒரு காது கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். ரமீஜா அதை அழகாகப் பின்னால் தள்ளிவிட்டார். கன்னத்துச் சுருக்கத்தையும் துடைத்தார். போனஸாக ஒரு புன்னகையும் கொடுத்தார். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்திலிருந்து படம் திரும்பி வந்துவிட்டது, இது இவர் இல்லை என்ற பதிலோடு. திருத்தாத படத்தைக் கொடுத்துவிடும்மா என்று கிருஷ்ணசாமி தன்மையாகத்தான் கேட்டார். கை வைத்தது வைத்ததுதான், பிரான்சுக்குக் கண் சரியில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு ரமீஜா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பிரெஞ்சுக் குடியரசின்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் குடியரசுக்கு இது தெரியாது.

வீட்டிலும் இதே சட்டம்தான். கணவர் அப்துல் கையூமுக்குப் பெரிய மார்க்கெட்டில் பூட்டு, தாழ்ப்பாள் விற்கும் கடை. ஒருநாள் சிக்னலில் சடாரென்று பிரேக் போட்டார் என்பதற்காக, இனி உங்கள் ஸ்கூட்டரில் ஏறவே மாட்டேன் என்று மிஸ் சொன்னார். அதற்கப்புறம் மகன் அர்ஹம் பிறந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டான். இன்றைக்கும் மிஸ் ஷேர் ஆட்டோவில்தான் போகிறார். கையூம் ஸ்கூட்டரில் ஆட்டோவை ஒட்டியே வருவார். இருவருக்கும் இடையிலான குடும்ப விவகாரங்கள் எல்லாம் ஓடும் வண்டிகளுக்கு நடுவில், இன்னும் மூன்று பயணிகளின் முன்னிலையில், சத்தமாகத் தீர்மானிக்கப்படும்.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான். கையூம் ஹாரனையும் மீறிக் கத்திக்கொண்டே வந்தார். கடைக்குச் சரக்குப் பெட்டி தூக்கும், வெட்டுப் புருவம் என்று மார்க்கெட்டே கூப்பிடுகிற ஆளைப் பல நாளாகக் காணோமாம். ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவன், வேறு எவனுக்கோ மூட்டை தூக்கப் போய்விட்டானாம். நன்றி கெட்டவனாம்.

"வரட்டும், மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றார் கையூம்.

"சொன்னீங்கன்னா செய்யணும். அப்புறம் வந்து நின்னா டீ வாங்கிக் குடுக்கக் கூடாது" என்றார் மிஸ், ஆட்டோவுக்குள்ளிருந்து. வெட்டுப் புருவம் அவருக்கும் தெரிந்தவர்தான். கடைக்குப் போகும்போதெல்லாம் தலையில் பெட்டியோடு ஒதுங்கி நின்று, வாங்கம்மா என்று வழி விடுகிற ஆள். மிஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். அதற்குமேல் பார்த்ததில்லை.

இங்கே ஊரின் பேனர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பிறந்தநாள், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் இந்த ஊரில் மனிதனுக்கு முன்னால் பேனர் வந்துவிடுகிறது. அதில் இருக்கிறவர்கள் எல்லாரும் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கிறார்கள். வெயிலில் சைக்கிள் மிதித்துக் கறுத்தவர், கடலுக்குப் போய்க் கறுத்தவர், பிறக்கும்போதே கறுப்பாகப் பிறந்து அப்படியே நிம்மதியாக வாழ்ந்தவர் என்று பாகுபாடே கிடையாது. செத்த மறுநாள் எல்லாருக்கும் ஒரே சுண்ணாம்பு. கண்ணீர் அஞ்சலி பேனர்களை மட்டும் பார்த்தால் புதுச்சேரியில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் யாரும் சாவதே இல்லை என்று முடிவுக்கு வரலாம். வாழ்ந்தபோது அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்காதவர்கள், போன பிறகு அதைப் பார்க்கும்படி வைப்பதற்காக அழித்துவிடுகிறார்கள். இந்த அழிப்பைச் செய்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் மிஸ்ஸிடம் படித்தவர்கள். மிஸ்ஸுக்கு அதில் பெருமைதான். பிசிறு இல்லாமல் அழிக்கிறார்களே.

அன்றைக்கு வகுப்பில் கலைவாணி என்ற பெண் ஒரு படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வில்லியனூர்ப் பக்கம் கிராமம். பத்து நாளாக வகுப்புக்கு வராமல் அன்றைக்குத்தான் வந்திருந்தாள். அப்பா கொளஞ்சி காய்ச்சலில் இறந்துவிட்டார், பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேனர் அடிக்க வேண்டும், அதற்குத்தான் படம் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லியிருந்தாள். அந்த மனிதரைத் தனியாக யாரும் படமெடுத்ததில்லை. ஒரு கல்யாணத்தில் பெரியப்பா மகன் எடுத்த படத்தின் ஓரத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த போனையும் அவன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டான். ஆதார் அட்டைப் படம் இருந்தது. அதை எந்தக் குடும்பமும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பென் டிரைவில் இருந்த அந்த ஒன்றுதான்.

"என்னம்மா, வேடிக்கை பாக்கவா வந்த?" என்று மிஸ் கேட்டார். அப்பா படம், எங்கே கை வைக்கிறது என்று தெரியவில்லை என்றாள் அவள். மிஸ்ஸுக்கு அது போதும். பென் டிரைவைப் பிடுங்கித் தன் கணினியில் செருகினார். புரொஜெக்டரைப் போட்டார். கொளஞ்சி சுவர் அகலத்துக்கு வந்து சிரித்தார். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு பிறந்தது.

வேலையைத் தொடங்கும் முன் படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொள் என்பது மிஸ் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அது கை நடுங்குகிறவர்களுக்கு. மிஸ் நேராக மூலத்திலேயே இறங்கினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தக் கை அபூர்வமான கை. நெற்றிக்குக் கீழே ஏதோ கோடு தெரிந்தது. ஒரே இழுப்பில் போயிற்று. கன்னத்துப் பள்ளம் நிரம்பியது. தாடி முள் மறைந்தது. முன்வழுக்கையில் முடி முளைத்தது. வெற்றிலைப் பல் வெளுத்தது. கடைசியில் நிறம். ஒரு இழுப்பு கூட வீணில்லை. மூச்சு விடுகிற நேரத்தில் முடித்து, அதே வேகத்தில் சேமித்தும் விட்டார். சேமிக்கத் தயங்குவதும் அவர் கணக்கில் அன்டூவுக்குத் தம்பி.

வகுப்பு கைதட்டியது. கலைவாணி எழுந்தாள்.

"யாரு மிஸ் இது?"

"உங்கப்பாதான். வேற யாரு?"

"இல்ல. எங்கப்பா கறுப்பு."

பேனரில் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள், வெயிலில் வைக்கும்போது எடுப்பாக இருக்க வேண்டாமா என்று மிஸ் விளக்கினார். கலைவாணியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்த ஆளுக்கு எங்கம்மா தாலி அறுக்கல மிஸ். எங்கப்பாவுக்கு அறுத்தாங்க."

கலைவாணி சுவரைக் கைகாட்டினாள்.

"செத்தது எங்க ஊர்ல. மார்க்கெட்ல ஒருத்தருக்கும் தெரியாது. எவனுக்கோ மூட்ட தூக்கப் போயிட்டாருன்னு அங்க திட்டிக்கிட்டு இருக்காங்க. அதுக்குத்தான் மார்க்கெட் வாசல்ல பேனர் வைக்கப் போறோம். இத வச்சா யார் வருவாங்க? கொளஞ்சின்னு போட்டாலும் தெரியாது. அங்க அவருக்குப் பேரு கொளஞ்சி இல்ல. பெட்டி கட்டுற தகரப் பட்ட கிழிச்சு புருவம் ரெண்டா இருக்கும். வெட்டுப் புருவம்னாதான் தெரியும். அத மொதல்ல அழிச்சீங்க."

மிஸ் சுவரைப் பார்த்தார். சுவரில் இருந்த சிவந்த வாலிபன் யாருக்கும் வழி விட்டவன் மாதிரி தெரியவில்லை. நெற்றிக்குக் கீழே ஏதோ கோடு என்று எண்ணித்தானே இழுத்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ஏதோ கோடு. வருடக் கணக்காகக் கடை வாசலில் பார்த்த கோடு.

அதற்கு வருந்துவதுதானே முறை? ரமீஜா மிஸ்ஸுக்குக் கோபம் வந்தது. படத்தைக் கொடுத்துவிட்டு இப்போது பேசுகிறாயே என்று இரைந்தார். கலைவாணியும் விடவில்லை.

"நான் குடுக்கல. நீங்க புடுங்கினீங்க. திருப்பிக் குடுங்க மிஸ்."

"கை வச்சாச்சு. சேவும் பண்ணியாச்சு."

"அப்ப எங்கப்பாவ நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் பையைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போனாள். வெளியே போகவும் இல்லை. கதவில் சாய்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சேமித்துவிட்டாலும், கோப்பை மூடாத வரை வழி உண்டு என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். கணினி கடைசிச் சில பத்து இழுப்புகளை மறக்காமல் வைத்திருக்கும். மூடினால் எல்லாம் போச்சு. ஆனால் அந்த வழியின் பெயரை மிஸ் முன்னால் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. சிலம்பரசன் தரையைப் பார்த்தபடி, "மூடிடாதீங்க மிஸ்" என்று மட்டும் சொன்னான்.

மெனுவுக்குப் போய் மவுசால் சொடுக்கினால் போதும். ஆனால் புரொஜெக்டர் எரிகிறதே. அம்புக்குறி ஊர்ந்து போவதும், அன்டூ என்ற சொல் சாண் உயர எழுத்தில் விரிவதும் சுவரில் தெரியும். புரொஜெக்டரை அணைக்கலாமென்றால் ரிமோட் சிலம்பரசனிடம். அவனிடம் கேட்பதைவிடப் பிரான்சிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

"எல்லாரும் அவங்கவங்க மானிட்டரப் பாருங்க. செவத்துல ஒண்ணும் இல்ல" என்றார் மிஸ். எல்லாரும் பார்த்தார்கள்.

இடது கை கண்ட்ரோல் பொத்தானுக்குப் போனது. பக்கத்தில் இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். விரல் உள்ளே போகவில்லை. மிஸ் மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி, முனையைப் பள்ளத்துக்குள் விட்டார்.

"சிலம்பரசா, வாசல்ல செருப்ப எப்படி விட்டிருக்க?"

டக். சுவரில் ரோஸ் மில்க் வடிந்தது. கறுப்பு வந்தது.

"ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க" என்று மிஸ்ஸே பதிலும் சொன்னார்.

டக். பல்லில் வெற்றிலைக் கறை. டக். முடி உதிர்ந்தது. சிலம்பரசன் செருப்பே போட்டு வரவில்லை, அவன் ஷூ. இருந்தும், சரி மிஸ், என்றான்.

"செருப்ப ஒழுங்கா விடத் தெரியாதவன் ஒருத்தன் மொகத்த எப்படிடா ஒழுங்கா விடுவ?"

டக், டக். தாடி முளைத்தது. கன்னம் உள்வாங்கியது. யார் தலையும் நிமிரவில்லை. கதவோரத்தில் கலைவாணி மட்டும் எப்போதோ திரும்பியிருந்தாள். மிஸ்ஸின் குரலில் கோபம் குறையவில்லை; திட்ட வேறு ஆள் கிடைக்காமல், இப்போது மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தார். கணினி எத்தனை இழுப்பை ஞாபகம் வைத்திருக்கும், தான் எத்தனை இழுத்தோம் என்பது அவருக்கு நிச்சயமில்லை. ஒரு இழுப்பு கூட வீணாக்காத கைதான். இருந்தாலும் கடைசி முறை அமுக்கும்போது அந்தக் கை கொஞ்சம் நடுங்கியது.

டக்.

இடது புருவம் இரண்டாகப் பிளந்தது. கொளஞ்சி சிரித்தார்.

மிஸ் அதைச் சேமித்தார். மூடியைப் பேனாவில் மாட்டி, பேனாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.