வக்கீல் டட்டில் மனைவிக்கு வைத்த கெடு

ஒஹையோவில் மஸ்கிங்கம் ஆற்றங்கரையில் பிறந்த ஆல்ஃபியஸ் டட்டிலுக்குச் சொத்து என்று இருந்தது வாய் ஒன்றுதான். தோல் பதனிடுகிறவரின் மகன். ஒரு வக்கீலின் அறையைப் பெருக்கிக்கொண்டே அவருடைய புத்தகங்களைப் படித்து, இருபத்து மூன்று வயதில் தானும் வக்கீலாகிவிட்டார். பன்றி திருடியவனை, “பன்றிதான் இவன் பின்னாலே வந்துது” என்று வாதாடி விடுவித்த மனிதர் ஐயா அவர்! அந்த வாய்க்கு மயங்கித்தான் கெசையா அவரைக் கட்டிக்கொண்டாள்.

1848-ல் ஊர்க்காரர்கள் அவரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். “ஒரே ஒரு தடவைதான் கெசையா” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆசை யாரை விட்டது? ஒரு தடவை மூன்று தடவையாயிற்று. தோட்டத்தையும் படுத்த படுக்கையான தன் தகப்பனையும் விட்டுவிட்டு அவளால் கூடப் போக முடியவில்லை.

வாஷிங்டனில் விடுதிச் சாப்பாடு. மேசையைச் சுற்றி எட்டு உறுப்பினர்கள். எட்டுப் பேரும் பேசுவார்கள், கேட்க ஆள் கிடையாது. சிப்பி வறுவலை முன்னால் வைத்தால் அவருக்குக் கெசையா சுடும் சோள ரொட்டி ஞாபகம் வந்துவிடும். வாரம் தவறாமல் அவளுக்குக் கடிதம் எழுதுவார்.

உறை மூலையில் உறுப்பினர் தன் கையால் பெயர் எழுதினால் தபால்தலை வேண்டாம். சட்டம் அப்படி. ஆனால் தொகுதிக்கு அனுப்பும் அச்சடித்த சொற்பொழிவுகளோ ஆயிரக்கணக்கில். யார் கையெழுத்துப் போட்டு மாள்வது? மற்றவர்களைப் போல அவரும் ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொண்டார். லெமுவேல் பிம் என்ற அந்த மனிதர் டட்டிலின் கையெழுத்தைப் போட்டால் தபால்காரனுக்கு வித்தியாசமே தெரியாது.

1854 ஜூனில், ஏக்கம் தாங்காமல் டட்டில் எழுதினார்: ‘போதும், வீட்டுக்கே வந்துவிடட்டுமா? ஆகஸ்ட் முதல் தேதிக்குள் உன் பதில் வராவிட்டால், நான் மறுபடி தேர்தலில் நிற்பதில் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.’ வக்கீல் புத்தி! எதிராளிக்குக் கெடு வைத்துப் பழகிய கை. அன்று சோம்பலில் அந்த உறையையும் பிம்மின் குவியலில் போட்டுவிட்டார்.

தினமும் தபாலைப் பார்த்தார். ‘வாங்க’ என்ற ஒரு சொல் வராதா என்று உருகினார். ரோஷத்தில் வேறு கடிதமும் எழுதவில்லை. கெடு முடிந்தது. மௌனம் சம்மதம் என்று கட்சித் தலைவர்களுக்குச் சரி சொல்லிவிட்டு ஊருக்கு வந்தார்.

“ஏன் கெசையா, என் கடிதத்துக்குப் பதிலே போடல?”

“எந்தக் கடிதம்? ரெண்டு மாசமா ஒரு வரி கிடையாது. உங்க பேச்சுதான் கட்டுக் கட்டா வந்துது. அடுப்புப் பத்தவைக்க ரொம்ப நல்லா இருக்கு.”

“பேச்சு இல்ல. ஜூன்ல ஒரு கடிதம்.”

“உங்க கை எனக்குத் தெரியாதா? நீங்க இங்கிலீஷ்ல டட்டில்னு எழுதினா அந்த ‘T’ எழுத்தோட மேல்கோடு கோழிக்கூண்டுக் கூரை மாதிரி சாஞ்சு நிக்கும். உங்க ஆளு போட்டா நேரா நிக்கும். நேரா இருந்தா நான் பிரிக்கிறதே இல்ல, அடுப்புக்குத்தான்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

“பொண்டாட்டிக்கே நோட்டீஸ் விட்டீங்களாக்கும்!” என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. “சரி, கேட்டதுதான் கேட்டீங்க, வாயால ஒருதரம் கேளுங்களேன்.”

“கெசையா, நான் வீட்டுக்கே வந்துடட்டுமா?”

“வந்துடுங்க. ஆறு வருஷமா தினம் வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். வந்துடுங்க.”

டட்டில் தரையைப் பார்த்தார். “பேரை அறிவிச்சுட்டாங்க கெசையா. நானும் வாக்குக் கொடுத்துட்டேன். இந்த ஒரே ஒரு தடவை மட்டும்…”

“அப்புறம் எதுக்குங்க கேட்டீங்க?”

அக்டோபர் தேர்தலில் டட்டில் ஜெயித்தார். அவர் மறுபடி கிளம்பிய அன்று, ஒவ்வொரு தடவையும் வழியனுப்ப வந்த கெசையா படகுத்துறைக்கு வரவில்லை.