கேண்டீன் அட்டவணையில் வராத எண்

எண்பதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு பஞ்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்த சென்னைக்காரர்கள் விளக்கக் குறிப்பு எதுவும் வைக்காமல் போய்விட்டிருந்தார்கள். தொழிலாளர் விவரம், வருகை, டிஸ்பென்சரி, கேண்டீன் என்று ஏகப்பட்ட அட்டவணைகள். எந்த அட்டவணையின் எந்த நெடுக்குப் பத்தி வேறு எதனோடு சேருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துப் படமாக வரைவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

ஒரே பெயருள்ள பத்திகளையெல்லாம் கோடு போட்டு இணைத்தேன். மேலதிகாரி பார்த்துச் சிரித்துவிட்டார்.

"பேரை நம்பாதம்மா. 'நம்பர்'னு ஒரு டேபிள்ல டோக்கன் நம்பர் இருக்கும், இன்னொண்ணுல மெஷின் நம்பர் இருக்கும். உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளை எடுத்துக்க. அவர் நம்பர் எங்கெங்க வருதுன்னு தேடு. வர்ற விவரம் சரியா இல்லையான்னு உனக்கே தெரிஞ்சிரும்."

அந்த ஆலையில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான். கழிவுப் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்த என் அம்மா. உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அப்பா இறந்தபின் என்னைக் கூட்டிக்கொண்டு வில்லாபுரம் வந்து ஆலையில் சேர்ந்தாள். அலுவலகத்தில் இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு டோக்கன் எண் உண்டு. அம்மாவுடையதைத் தேடினேன்.

"யாரு இவங்க?" என்றார் மேலதிகாரி.

"எங்க தெருவுல இருக்காங்க, சார்."

வருகை அட்டவணையில் கிடைத்தாள். திருவிழாவுக்கு லீவு போட்ட நாட்கள்கூடச் சரியாக இருந்தன. டிஸ்பென்சரியில் அதே எண் வேறு பெயருள்ள பத்தியில், கையில் தையல் போட்ட விவரத்தோடு வந்தது. இரண்டு கோடுகளை நிச்சயமாகப் போட முடிந்தது. கேண்டீனில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"அங்க வேற நம்பர் போட்டு வச்சிருக்காங்களோ?" என்றார் அவர்.

காரணம் எனக்குத் தெரியும். அம்மா கேண்டீனில் சாப்பிடுவதே இல்லை. காலையில் இரண்டு தூக்குவாளிகளில் சோறு போடுவாள். அதில் ஒன்று எனக்கு. அதைச் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார்.

"அவங்களையே கூப்பிட்டுக் கேட்டுருவோம்" என்று ஆள் அனுப்பிவிட்டார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றாள்.

மேலதிகாரிதான் கேட்டார்.

"கேண்டீன்ல சாப்பிடுறதில்லீங்க சார். வீட்லருந்து கொண்டாந்துருவேன். எதும் தப்பாயிருச்சுங்களா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீங்க போங்க."

"வாரேங்க" என்று எங்கள் இருவரையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், "எம்புட்டுக் குளிரு அந்த ரூமுல! ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ தாயி" என்றாள்.

மறுநாள் போனதும் மேலதிகாரியிடம் சொன்னேன். "சார், நேத்து வந்தவங்க எங்க அம்மா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நேத்தே சொல்லியிருந்தா அவங்கள அலைய விட்டிருக்க வேண்டாமே" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கேண்டீனில் சாப்பிடும் வேறொருவரின் எண்ணை வாங்கித் தேடி, விடுபட்ட கோட்டையும் போட்டு முடித்தேன்.

சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டி சொன்ன?" என்று பதறினாள். "உன்னய யாரும் கொறச்சலாப் பேசுனாகளா?"