சோதனைப் பையில் புற்றுமண்

சங்கரன்கோவில் கோமதி அம்பாள் சன்னதியில் தரும் புற்றுமண் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். காய்ச்சலோ, தேமலோ, வயிற்றுவலியோ, முதலில் அந்த மண்தான். நெற்றியில் கொஞ்சம், நாக்கில் கொஞ்சம். அதற்கப்புறம்தான் டாக்டர். இன்றும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் கரிசல் புஞ்சையில் உளுந்து மஞ்சளடித்துப் போனது. முந்தின வருஷமும் அப்படித்தான். கடையில் சொன்ன மருந்தையெல்லாம் அப்பா அடித்துப் பார்த்தார்; கேட்கவில்லை. இந்த வெள்ளாமையும் போனால் புஞ்சையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோயம்புத்தூருக்கு லோடு ஏற்றும் வேலைக்குப் போய்விடுவேன் என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும் கோயம்புத்தூர் பார்க்கலாமே என்று உள்ளூர ஆசை.

கடைசியாக யாரோ சொன்னார்கள் என்று, அப்பா புஞ்சையில் பல இடத்தில் மண் எடுத்துக் கலந்து, துணிப்பையில் கட்டி, விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஒரு அக்கா வந்தார். எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே புஞ்சைக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பையைத் திறந்தா கரிசலுக்கு மேல வேற நிறத்துல பொடிமண்ணு கிடக்கு. உங்க புஞ்சையில அது எங்கன இருக்கு?"

அப்பா முழித்தார். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நாந்தான் தாயி, கோயில் மண்ணு ஒரு கை போட்டுவிட்டேன்."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? சோதிக்கப் போற மண்ணுலயா பிரசாதத்தப் போடுவ?" என்று அப்பா குதித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவுகளுக்குப் பூசித்தான அனுப்புதோம்? மண்ணுக்கும் சீக்குத்தான?"

அந்த அக்கா திட்டப்போகிறார் என்று நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவரோ சிரித்துவிட்டார். "அம்பாள் மண்ண எனக்குத் தனியாக் கொடுங்கக்கா, பூசிக்கிடுதேன். சோதனைக்குப் புஞ்சை மண்ண மட்டும் தாங்க."

அப்புறம் குத்தவைத்து உட்கார்ந்து செடியைப் பார்த்தார். கொழுந்து மஞ்சள்; நரம்பு மட்டும் பச்சை. ஒரு கரிசல் கட்டியை எடுத்து, கொண்டுவந்த குப்பியிலிருந்து சில சொட்டு அமிலம் விட்டார். மண் சோடாவைப் போலப் பொங்கியது. நான் வாயைப் பிளந்தேன்.

"சுண்ணாம்பு ஜாஸ்தி அண்ணாச்சி. மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் செடியால எடுக்க முடியல. இது பூச்சி இல்ல. இனி மருந்தடிச்சு வீணாக்காதிய."

இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பை எந்த அளவில் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும் என்று அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தார். புதிதாக மண்ணும் அள்ளிக்கொண்டார். சோறு சாப்பிட்டுப் போகச் சொன்னதற்கு, மோர் மட்டும் குடித்தார்.

தெளித்த பிறகு வந்த கொழுந்தெல்லாம் பச்சை. இலையைப் பார்த்தே செடியின் பசியைச் சொல்கிற படிப்பும் ஒரு படிப்புதானே! அந்த வருஷம் எங்கள் உளுந்திலேயே வடை சுட்டோம். கோயம்புத்தூர்ப் பேச்சு நின்றுபோனது.

வெள்ளாமை வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். அம்பாள் முன்னால் வீட்டுக்காக விழுந்து கும்பிட்டாள். எழுந்தவள் மறுபடியும் விழுந்தாள்.

"இது யாருக்கும்மா?"

"வெயில்ல நடந்து வந்துச்சே, அந்தப் பிள்ளைக்கு."

நோய்க்காரர்களுக்காகத்தான் அங்கே வேண்டிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். "அந்த அக்காவுக்கு மேலுக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். அம்மா என் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசினாள்.

அந்த அக்காவுக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ரொம்ப நாள் நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.