ஆளுக்கு ஒரு கை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் சேமிப்பு வங்கியை விற்கப் பார்த்தார்கள்.

வங்கி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய பேங்குகள் நெசவாளிகளை வாசலோடு திருப்பி அனுப்பிய காலத்தில், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களும் சுற்றுப்பக்கத்து விவசாயிகளும் ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டு, திருத்தணியில் ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் அதைத் தொடங்கினார்களாம். பணம் போட்டவர்களே கடன் வாங்குவார்கள். லாபம் வந்தால் அவர்களே பிரித்துக்கொள்வார்கள். வங்கிக்கு வேறு சொந்தக்காரர் கிடையாது. நான் பார்க்கும்போது அதற்குச் சொந்தக் கட்டடமும், கிறீச்சிடும் ஒரு மின்விசிறியும் இருந்தன.

சென்னையிலிருந்து ஒரு நிதிக் கம்பெனி அதை விலைக்குக் கேட்டு வந்தது. பங்குக்குப் பல மடங்கு தருவதாகச் சொன்னது. நைனாவுக்கு ஆசை வந்துவிட்டது. மழைக்குத் தறியின் மேல் ஒழுகும் கூரையை மாற்றிவிடலாம் என்றார். அம்மாவுக்கு மனசில்லை. தறி மோட்டார் எரிந்துபோனபோது பட்டா, ஜாமீன் எதுவும் கேட்காமல் அன்றைக்கே கடன் கொடுத்தது அந்த வங்கிதான்.

"கூரை ஒழுகினா குண்டான் வெச்சிக்கலாம். மறுபடி மோட்டார் எரிஞ்சா யார்கிட்ட போய் நிக்கிறது?" என்றாள்.

இருவருமே உறுப்பினர்கள். விற்பதா வேண்டாமா என்று ஓட்டுப் போட வேண்டிய நாளில், என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பேச்சில்லாமல் திருத்தணிக்குப் பஸ்ஸில் போனார்கள்.

கூட்டம் மலையடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில். கம்பெனி செலவில் எல்லோருக்கும் கேசரி, வடை. நான் இரண்டு முறை கேசரி வாங்கிச் சாப்பிட்டேன். கம்பெனிக்காரர் ரொம்ப நல்லவர் என்று முடிவும் கட்டிவிட்டேன். அவர் மேடையில் நெடுநேரம் பேசினார். கூட்டம் தலையாட்டியது.

பிறகு முன்வரிசையிலிருந்து ரைஸ் மில் முதலாளி எழுந்தார். வங்கியில் அதிகமாகப் பணம் போட்டிருந்தவர் அவர்தான்.

"நான் போட்டிருக்கிற பணம் இன்னா, இவங்க போட்டிருக்கிறது இன்னா? நானே வித்துரலாம்ன்றேன். அப்புறம் எதுக்குங்க ஓட்டு?"

பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், எழுந்து நின்றது அம்மா. மளிகைக் கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவள்.

"உங்க பணம் எவ்ளோ வேணா இருக்கட்டும்ங்க," என்றாள். "ஓட்டுக்கு எத்தினி கை தூக்குவீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. மேடையிலிருந்த செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆளுக்கு ஒரு கைதாங்க. ஆரம்பத்துலருந்தே அதான் நம்ம சட்டம்," என்றார். முதலாளி உட்கார்ந்துவிட்டார்.

விற்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நான் நைனாவைத்தான் பார்த்தேன். அவர் குனிந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். கை மேலே போகவில்லை.

"வேணாம்ன்றவங்க?"

அம்மாவின் கை முதலில் உயர்ந்தது. அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்க வளையல்கள் குலுங்கின. சாயம் ஏறிய கைகள், நாற்று நட்டுக் காய்த்துப்போன கைகள். ஆண்கள் பக்கமும் கைகள் எழும்பின. அதில் நைனாவின் கையும் இருந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். எண்ணிக்கொண்டு வந்தவர் என் கைகளை மெதுவாக இறக்கிவிட்டுப் போனார். எண்ணி முடிப்பதற்கு முன்பே ஜனங்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் முகம் தெரியாத பெண்களெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நைனா ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து நீட்டினார். "இம்மாம் பேச்சு பேசுவேன்னு எனக்குத் தெரியாதுமே," என்றார்.

"எனக்கே தெரியாது," என்றாள் அம்மா. பஸ்ஸில் ஊர் வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கம்மா ஒரு கம்பெனியையே ஜெயித்துவிட்டாள் என்று பெருமையடித்தேன். பக்கத்தில் உட்காரும் சிநேகிதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த பேங்க் உங்களுதா?" என்றாள்.

"அய்யே, எங்களுது இல்லடி," என்றேன். "நாங்க சும்மா பணம் கட்றவங்க." அதை அவளுக்குப் புரியும்படி இன்னொரு தரமும் பொறுமையாக விளக்கினேன்.