நின்ற இடத்திலேயே வளர்ந்த விமானம்

செல்லையனைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் போட மறுத்த கையெழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவள் நான். இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காஜா நஜ்முதீன் பாயின் டிராவல்ஸில் எனக்கு வேலை. வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறேன். வெளிநாடு போகிறவர்களின் டிக்கெட், விசா, கடிதம் எல்லாம் என் கையால்தான் போகும். செல்லையன் காரைக்கால்மேட்டுக்காரர், ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வயதில் கடலுக்குப் போய், விசைப்படகு டிரைவராகி, கடைசி ஆறு வருஷமாக பஹ்ரைனில் ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார்.

போன மாசியில் லீவுக்கு வந்தார். அவர் வந்த விமானம் திருச்சியில் இறங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நல்ல வெளிச்சம். ஜன்னல் வழியே தூரத்தில் ஒரு சின்ன விமானம் தெரிந்தது, ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் பறப்பது. வேறு யாராக இருந்தாலும் செல்போனை எடுத்துப் படம் பிடித்திருப்பார்கள். செல்லையன் ஜன்னல் கண்ணாடியில் இருந்த ஒரு கீறலைப் பார்த்தார்.

கடலில் கப்பல் வந்தால் படகுக்காரர்கள் செய்வது இதுதான். படகில் நிற்கும் கம்பத்தோடு கப்பலைச் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். கம்பத்தை விட்டு முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் கவலையில்லை, விலகிப் போய்விடும். நகராமல் நின்ற இடத்திலேயே பெரிசானால் அது நம் மேல்தான் வருகிறது. அந்தச் சின்ன விமானம் கீறலை விட்டு இம்மியும் நகரவில்லை. பெரிசாகிக்கொண்டே இருந்தது.

பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தார். "மேல வருதுங்க! திருப்பச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே முன்பக்கம் ஓடினார். மறித்த பணிப்பெண்ணின் கையில் இடித்துவிட்டார். அதற்குள் அவர் இருந்த விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு எகிறியது. பைலட்டும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. செல்லையன் சீட்டின் மேல் போய் விழுந்தார். அங்கிருந்த ஜன்னலில், இறக்கைக்குக் கீழே அந்தச் சின்ன விமானம் விருட்டென்று போவது தெரிந்தது. உள்ளே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை அண்ணாந்து பார்த்தது.

காற்று சரியில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காற்றாம்!

பத்து நாளில் விமான நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. பறக்கும் விமானத்தில் எழுந்து கலவரம் செய்தார், பயணிகளைப் பயமுறுத்தினார், ஊழியரைத் தாக்கினார் என்று புகார். விசாரணை முடியும்வரை அவர்கள் விமானத்தில் ஏற முடியாது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் அன்றைக்கே விட்டுவிடுவார்களாம். என்ன எழுத வேண்டும் என்றும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போக முதலாளி கொடுத்திருந்ததும் அந்த நிறுவனத்தின் டிக்கெட்தான்; வேறு டிக்கெட் எடுக்க அவரிடம் பணமில்லை. பன்னிரண்டு நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் விசா போய்விடும், வேலையும் போய்விடும்.

மன்னிப்புக் கடிதத்தை நான் தமிழில் அடித்து அவர் முன்னால் வைத்தேன். நிதானமாக வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். 'வெளியே எதுவும் இல்லாதபோது, பயத்தில் நானாகவே கற்பனை செய்துகொண்டு.'

"இது என்னா தங்கச்சி?"

பாய் முந்திக்கொண்டார். "அண்ணே, ஒரு கையெழுத்துதாண்ணே. போட்டுட்டு ஏறிப் போயிருங்க. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அல்லாவுக்கும் தெரியும். அது போதாதா?"

"போதாது பாய்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லையன் என்னைப் பார்த்துப் பேசினார்.

"எங்கண்ணன் வைத்தியலிங்கம் படகைக் கப்பல் இடிச்சது பட்டப்பகல்ல. பின்னாடி படகுல நான் வந்துக்கிட்டிருந்தேன். கண்ணால பாத்தேன். அன்னிக்கு அந்தப் பக்கம் கப்பலே போவல, அலையில கவுந்துச்சுன்னு ஆபீசருங்க எழுதிட்டு வந்தாங்க. கையெழுத்துப் போட்டாத்தான் அண்ணிக்கு உதவி கிடைக்கும்னாங்க. இருபத்திரண்டு வயசு எனக்கு. போட்டுட்டேன். அண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. கப்பலே வரலன்னா எம்புருசன் எப்படி தம்பி செத்தாருன்னு."

பாய் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு தடவை போட்டதே போதும். அந்த ஏரோப்ளேன்ல ஒரு புள்ள இருந்துச்சு. அது என்னப் பாத்துச்சு, நான் அதப் பாத்தேன். அது இல்லன்னு நான் எழுதணுமா? நீ வேற தாள் எடு தங்கச்சி. நான் சொல்றத எழுது."

பாய் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு வெட்கமில்லை. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:

'பணிப்பெண்ணின் கையில் இடித்துவிட்டேன். வேண்டுமென்று இடிக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரிடமும் எதற்கும் கேட்கவில்லை. சின்ன விமானம் வந்தது. இன்னொரு தடவை வந்தாலும் எழுந்து கத்துவேன். அதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.'

கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.

மூன்று மாதத் தடை என்று பதில் வந்தது. விசா காலாவதியானது. பஹ்ரைன் முதலாளி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். செல்லையன் காரைக்கால்மேட்டில் இன்னொருவர் படகில் கூலிக்குப் போனார். ஊரில் சிலர் அவரைக் கண்டால் தலைக்கு மேலே கையைக் காட்டி, "மேல வருது, மேல வருது" என்று கேலி செய்தார்கள். அவர் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார். இரண்டு விமானங்கள் நெருங்கி வந்தது பற்றி விசாரணை நடப்பதாகப் பேப்பரில் நாலு வரி வந்தபோது, பாய் அதைக் கத்தரித்து வைத்துக் காட்டினார்.

"பேப்பர்ல வந்தப்புறந்தான் நடந்துச்சா பாய்?" என்றார் செல்லையன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் வேறொரு முதலாளியிடமிருந்து விசா வந்தது. தடை முடிந்திருந்தது. அதே நிறுவனத்தின் விமானம்தான். பாய் என் பக்கம் குனிந்து, "நடு சீட்டாப் போடும்மா, நமக்கெதுக்கு வம்பு" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைப்பு. செல்லையன் காதில் விழுந்துவிட்டது.

"ஜன்னலோரமாப் போடு தங்கச்சி. றெக்கைக்கு முன்னாடி. அங்கேருந்துதான் நல்லாத் தெரியும்."

பாயிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாவது வரிசை, ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தேன்.