எட்டடிக் குளமும் எண்ணூறு மில்லியும்

முதலில் செருப்பில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் புறங்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விளக்கேற்றி முடிக்கும்வரை அந்தப் பள்ளம் மேலே வராது. நாள் முழுக்க நின்று கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்குக் கால் வீங்காமல் வேறு யாருக்கு வீங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிறுநீரில் நுரை வந்தபோது கழிப்பறை கழுவும் லோஷன்மேல் பழியைப் போட்டேன். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

கிரியாட்டினின் (ரத்தத்தில் சேரும் தசைக்கழிவு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டியது) அளவைப் பார்த்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது). திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம். நாற்காலியில் நான்கு மணி நேரம்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஊசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊசி பழகிவிடும். தாகம் பழகாது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

எனக்கு விதித்தது நாளொன்றுக்கு எண்ணூறு மில்லி. காப்பி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். குடித்தது வெளியே போக வழியில்லை, நுரையீரலில் போய்த் தங்கும். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். மத்தியானத்துக்குள் அதைப் பார்க்கவே பயமாக இருக்கும். டி.வி.யில் குளிர்பான விளம்பரம் வந்தால் எழுந்து போய்விடுவேன். மழை பெய்தால் எனக்கு அழுகை வரும், திருவனந்தபுரத்திலோ வருஷத்தில் பாதிநாள் மழை.

ஒரு சனிக்கிழமை மாடித்தொட்டி நிறைந்து பின்பக்கம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தப் போன நான் நிறுத்தாமல் அங்கேயே நின்றேன். தண்ணீர் சத்தமாக விழுந்து மண்ணைத் தோண்டிக்கொண்டு வேலியோரம் ஓடியது. குடிக்கத்தானே கூடாது, பார்க்கலாமே என்று தோன்றியது. அன்று மாலை கழக்கூட்டத்திலிருந்து வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் பின்னால் ஒரு மீன்குளம் கட்ட வேண்டும் என்றேன்.

"உனக்கு வட்டா?" என்றார் ராஜன், பைத்தியமா என்று. எங்கள் வீட்டில் கோபமும் திகைப்பும் மலையாளத்தில்தான் வரும். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை அடி?" என்று கேட்டார்.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஏறக்குறைய இரண்டாயிரத்து எண்ணூறு லிட்டர் பிடிக்கும். என் பங்குப்படி குடித்தால் ஒன்பதரை வருஷத்துத் தண்ணீர். கணக்கு டீச்சராக இருப்பதில் இப்படிச் சில தொல்லைகள் உண்டு.

மேஸ்திரி சசியண்ணன் பாலராமபுரத்திலிருந்து வந்தார். குழி வெட்டி, அடியில் ஜல்லி போட்டு இடித்து, நான்கு பக்கமும் செங்கல் கட்டி, நீர்க்கசிவைத் தடுக்கும் கலவை சேர்த்து இரண்டு பூச்சுப் பூசினார். பூசிய சிமென்ட் வெடிக்காமல் இருக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை நனைக்க வேண்டும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புதுச் சிமென்ட் தண்ணீரை உறிஞ்சும்போது மெல்லிய சத்தம் வரும். அதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன், ஒரு சுவர்மேல் பொறாமைப்பட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலிலிருந்து செண்பகம் அக்கா எனக்குத் துணையாக வந்து தங்கினாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்குச் சிறுநீரகம் கொடுக்க வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம். ராஜனுடைய ரத்தப்பிரிவு சேரவில்லை. அக்காவுக்குச் சேரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அத்தானும் மகனும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பயத்தில் தப்புச் சொல்ல முடியாது. அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சமையலறையில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

"டீச்சரே, இப்போ மீன் விட்டா எல்லாம் சத்துப் போவும்" என்றார் சசியண்ணன். "சிமென்டோட காரம் போகணும். வாழைத்தடையை வெட்டித் தண்ணியில போட்டு ரெண்டு ஆழ்ச்ச வச்சா மதி. பின்னே தொறந்து விட்டுட்டு வேற தண்ணி நெறைக்கலாம்."

வாழைப்பட்டை இரண்டு வாரம் ஊறினால் போதுமாம். குலை வெட்டிய வாழை ஒன்று வேலியோரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ராஜன் அதைச் சாய்த்துப் பட்டைகளைத் துண்டு போட்டுக் குளத்தில் எறிந்தார். நடுவில் வெள்ளைவெளேரென்று தண்டு வந்தது. அக்கா அதைக் குளத்துக்குக் கொடுக்கவில்லை.

"இதைப் போயி தண்ணியில போடவா? கிட்னிக்கு இதைவிட மருந்து உண்டா?" என்று உள்ளே கொண்டுபோனாள்.

நம் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு என்பார்கள். ஆனால் சிறுநீரகமே நின்றுபோனவர்களுக்கு அது விஷம். அதிலுள்ள பொட்டாசியம் (இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் உப்பு) வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். தயவுசெய்து இந்த ஒரு வரியை உங்கள் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஆகாத உணவுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டு என்று வரிசையாக, மருத்துவமனையில் கொடுத்தபடி மலையாளத்தில். அக்காவுக்கு மலையாளம் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது.

எனக்கு வாசிக்கத் தெரியும்.

தண்டை அரைத்துப் பிழிந்து, மோர் விட்டு, இஞ்சி தட்டிப்போட்டு, குளிரவைத்து, பெரிய டம்ளரில் விளிம்புவரை கொண்டுவந்தாள். டம்ளருக்கு வெளியே வேர்த்திருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்குப் பிறகு அடுத்த டயாலிசிஸ் திங்கள்தான், அந்த இரண்டு நாள் இடைவெளிதான் ஆபத்து என்பதும் தெரியும். நான் குடித்தேன். நிறுத்தாமல், தொண்டை நிறைய, ஒன்றரை வருஷமாகக் குடிக்காத மாதிரி குடித்தேன். "இன்னும் இருக்கா அக்கா?" என்று கேட்டேன். இருந்தது.

திங்கட்கிழமை காலை கட்டிலைவிட்டு இறங்கியபோது கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. நாடி மெதுவாகியிருந்தது. மருத்துவமனையில் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், அப்படியே இயந்திரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று பின்னால் சொன்னார்கள்.

"என்ன கொடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டது காதில் விழுந்தது.

"நான்தான் குடுத்தேன். வாழைத்தண்டு. எனக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாதும்மா" என்றாள் அக்கா.

நான் கண்ணை மூடிக் கிடந்தேன். நினைவு இருந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீருக்கு அலைந்து தெரிந்தே குடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அக்கா அத்தானுக்குப் போன் பண்ணினாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். "அவளைக் கொல்லப் பாத்தவ நான். நான்தான் குடுக்கணும். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை. அந்தச் சிறுநீரகம் எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இந்த நோய் வராதவர்களுக்கு விளக்க முடியாது.

அடுத்த இரண்டு மாதம் அக்காவுக்குப் பரிசோதனைகள் நடந்தன. குளத்துக்கும் நடந்தது. வாழைத்தடைத் தண்ணீரை இறக்கி, கழுவி, மறுபடி நிறைத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். நாளுக்கு ஒரு விரற்கடை இறங்கியது. வெயில் குடிப்பது அவ்வளவு இருக்காது. வடிகுழாய் சுவரில் நுழையும் இடம்தான் என்று சசியண்ணன் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் குழாய் வழுவழுப்பாக இருந்ததால் சிமென்ட் பிடிக்கவில்லை. சுற்றிலும் கொத்தி எடுத்து, குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி மறுபடி பூசினார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

அந்த வாரம் மருத்துவமனையின் சமூகப்பணியாளர் (தானம் கொடுப்பவர் மனம் ஒப்பித்தான் கொடுக்கிறாரா என்று பார்க்கிறவர்) என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் வயசில் பாதிதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"உங்க அக்கா எதைக் கேட்டாலும் 'என்னாலதான் அவளுக்கு அப்படி ஆச்சு'ன்னே சொல்றாங்க. இது பிராயச்சித்தம் மாதிரி இருக்கு டீச்சர். மனசு ஒப்பித்தான் கொடுக்கிறாங்கன்னு என்னால எழுத முடியாது. வேற ஏதாவது உண்டா, நான் அறியாதது?"

"ஒண்ணுமில்ல" என்றேன். ஆட்டோவில் திரும்பும்போது அழுதேன்.

மறுநாள் ராஜன் பாலிதீன் பையில் பன்னிரண்டு கோய் மீன்குஞ்சுகள் வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பையைக் கட்டவிழ்க்காமல் கால்மணி நேரம் குளத்தில் மிதக்கவிட வேண்டும், உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று. அக்கா குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீன்களைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

"அக்கா, அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். வாழைத்தண்டு ஆகாதுன்னு தெரிஞ்சுதான் குடிச்சேன்."

அவள் பையின் முடிச்சை அவிழ்த்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, பையைச் சாய்த்துப் பிடித்தாள். மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. பன்னிரண்டும் போன பிறகு பையைப் பிழிந்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆசுபத்திரியில எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாவ. நீ கண்ணை மூடிட்டு கெடந்தே."

"ஆமா."

"நான் ஊருக்குப் போறேன்" என்றாள். தம்பானூரில் பஸ் ஏறி மத்தியானமே போய்விட்டாள்.

பத்தொன்பது நாள். நான் போன் பண்ணினால் அத்தான் எடுத்து, குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பார். அந்த நாட்களில் நான் சிறுநீரகத்துக்கு ஏங்கினேனா அக்காவுக்கு ஏங்கினேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர்த்தாகம்கூடப் பின்னால் போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளக்கரையில் உட்காருவேன். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடும். என்னைச் சொல்ல வைத்தது நீங்கள்தானே என்று அவற்றோடு எனக்குச் சண்டை.

இருபதாம் நாள் நான் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபோது அந்தச் சமூகப்பணியாளர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். அக்கா வீட்டுக்கு வராமல் நேராக அவளுடைய அறைக்குப் போயிருக்கிறாள். அக்கா சொன்னதை அந்தப் பெண் எனக்கு அப்படியே சொன்னாள்.

"அவ கள்ளி. தெரிஞ்சுட்டேதான் குடிச்சிருக்கா. என் மேல ஒரு தப்பும் இல்ல, அதை மொதல்ல எழுதிக்கிடுங்க. ஆனா தெரிஞ்சும் குடிக்கணும்னா எவ்வளவு தவிச்சிருப்பா. அதான் குடுக்கேன்."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கையை அசைக்கக்கூடாது என்று நர்ஸ் அதட்டினாள். கண்ணைத் துடைக்க எனக்கு ஒரு கைதான் இருந்தது.

அறுவைச்சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் நிறைந்துகொண்டிருந்தது. மஞ்சளாக, தெளிவாக, எனக்கே எனக்கென்று. அக்கா கண் விழித்ததும் "அவளுக்கு ஒண்ணுக்குப் போச்சா?" என்றுதான் கேட்டாளாம். இப்போது நான் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். குடிக்க மறந்துபோகிறேன், ராஜன் திட்டுகிறார். தாகம் போன பிறகு நாளே நீண்டுவிட்டது. முன்பு மிடறு மிடறாகப் போன பொழுதுக்கு இப்போது அளவே இல்லை.

உடம்பு முழுக்க ஒரே வயதில்லை. எனக்கு நாற்பத்தேழு. வலது அடிவயிற்றில் தோலுக்குக் கீழே கையால் தொட்டால் தட்டுப்படுகிற அதற்கு ஐம்பத்து மூன்று. நான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே அது வேலைக்கு வந்துவிட்டது. சில சமயம் அதற்கு மரியாதை கொடுத்துத்தான் பேசத் தோன்றுகிறது.

புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் இருக்கும் கிருமி ஒரு கீறல் வழியாக நுழைந்தால் போதும். "டீச்சர் அந்தக் குளத்தில் கை வைக்கவே கூடாது, கேட்டல்லோ" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குடிக்க முடியாத காலத்தில் பார்த்துக்கொண்டிருக்கவென்று கட்டிய குளம். இப்போது வேண்டுமட்டும் குடிக்கலாம், இதை மட்டும் தொடக்கூடாது.

நான்கு மாதம் கழித்து அக்கா வந்தாள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு குளத்திலிருந்து நான்கடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் விளிம்பில் உட்கார்ந்து வளையலை மேலே ஏற்றிவிட்டு ஒரு கையைத் தண்ணீரில் விட்டாள். மீன்கள் இப்போது சாண் நீளம். வந்து அவள் விரலை மொய்த்தன.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"சில்லுன்னு இருக்குட்டி. கூசுது."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"என்னட்டி அப்படிப் பாக்கே? ஒரு கை போதுமா, ரெண்டும் வைக்கணுமா?"

"ரெண்டையும் வை" என்றேன்.